ஏற்றும் ஒழுங்கு

கண்டியில் வீடு காலி செய்ய லொறி பிடிப்பவர் முதலில் கேட்பது 'ஒரு லோட் எவ்வளவு?' என்றுதான். அம்பிட்டியச் சரிவில் உள்ள வீடானாலும் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றையொட்டிய வீடானாலும் லொறிக்காரர் போடும் கணக்கு ஒன்றே: படி எத்தனை, தூக்க எத்தனை பேர், வண்டி வாசல்வரை வருமா, அல்லது சிறிய 'பட்டா' லொறி மட்டும்தான் ஒழுங்கைக்குள் நுழையுமா. புது வீட்டுக்குப் போகும் சாமான்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கண்ணாடி பதித்த அலுமாரிக்குப் போர்வை சுற்றுவார்கள், பிரிட்ஜை நிமிர்த்தி வைப்பார்கள், பீங்கான்களைப் பழைய பத்திரிகையில் பொதிவார்கள். கழித்துவிடும் சாமான்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. கால் உடைந்த கதிரை, வயர்ச் சுருள், குழாய் டீவி, ஓடாத பிரிட்ஜ், அரைவாசி பெயின்ட் உள்ள தகரம் எல்லாம் வந்த வாக்கில் ஏறும். கடைசியில் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்க மேலே மெத்தையைப் போட்டுக் கயிற்றை இறுக்குவார்கள். மறுசுழற்சி என்றதும் நமக்குத் தொழிற்சாலையோ நிறம் பூசிய குப்பைத் தொட்டியோ நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டின் சாமான் பண்டமாகப் போகுமா குப்பையாகப் போகுமா என்பது ஏறக்குறைய முழுவதும் முடிவாவது இந்த அரைமணி நேரத்தில், லொறியின் பின்பலகையில்தான்.

அரிசியில் கல் கலக்க ஒரு கை போதும். பிரித்தெடுக்கச் சுளகும் ஒரு பகல் பொழுதும் வேண்டும். கலப்பது தானாகவே நடக்கும், பிரிப்பதற்கு மட்டும் உழைப்போ சக்தியோ செலவழிக்க வேண்டும் என்பது வெப்ப இயக்கவியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. இதைப் பொருளியலோடு இணைத்துக் காட்டியவர் அமெரிக்க வேதிப் பொறியியலாளர் தோமஸ் ஷெர்வுட். ஒரு மூலப்பொருள் தன் தாதுவில் எவ்வளவு ஐதாகக் கலந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் விலை ஏறுகிறது என்று 1959 இல் அவர் வரைந்த வரைபு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இன்று தோண்டும் செப்புத் தாதுவில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ செப்புக்கூடக் கிடைப்பதில்லை, மிச்சமெல்லாம் கல். செப்புச் சுருள் கொண்ட ஒரு பழைய பிரிட்ஜ் கம்பிரசரில் செப்பு அதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கிறது. அதாவது, கழித்துப் போடும் வீட்டுச் சாமான்களை வளமான சுரங்கம் என்றே சொல்லலாம், ஆனால் சாமான் தனித்தனியாக இருக்கும்வரை மட்டும். அதே கம்பிரசர் நனைந்த பஞ்சு, சமையலறைக் கழிவு, கண்ணாடித் தூள் ஆகியவற்றோடு ஒரு குவியலில் போனால் அதன் செறிவு தாதுவின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. பொருள் அழியவில்லை, அதன் இருப்பிடம்தான் குழம்பியது. விலையை இழக்க அதுவே போதும்.

இந்த விதியை இலங்கை ஒருமுறை சர்வதேச அளவில் கற்றுக்கொண்டது. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் இருப்பவை பாவித்த மெத்தைகள், தரைவிரிப்புகள், கம்பளங்கள் என்றும், உலோகத்தைப் பிரித்தெடுத்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பப் போவதாகவும் பத்திரங்களில் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், அங்கே வீடுகளைக் காலி செய்தவர்கள் ஏற்றிய சுமை. திறந்தபோது மெத்தைகளோடு பிளாஸ்டிக்கும் வேறு கழிவுகளும் கலந்திருந்தன. மருத்துவமனைக் கழிவும் இருந்ததாகச் சுங்கத் திணைக்களம் சொன்னது. சுற்றாடல் நீதிக்கான மையம் வழக்குத் தொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 263 கொள்கலன்கள், அண்ணளவாக 3,000 தொன், கட்டம் கட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசி 45 கொள்கலன்கள் 2022 பெப்ரவரியில் கப்பலேறின. ஒரே வகை மெத்தைகள் சுத்தமாக அடுக்கப்பட்டு வந்திருந்தால் அது மூலப்பொருள் வியாபாரம். கண்டதும் கலந்து வந்ததால், நாடு கடந்து கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கண்ணில் அது கழிவுக் கடத்தல். பிரித்தானியாவின் ஏதோ ஒரு தெருவில் லொறி ஏற்றியவர் செய்த சோம்பலைத் திருத்த இரண்டு நாடுகளின் அரசுகளும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.

கண்டிக்கு அப்படித் திருப்பி அனுப்பும் வசதி இல்லை. நகரின் குப்பை, நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல், பல தசாப்தங்களாகப் போய்ச் சேருமிடம் கொஹாகொட. அதன் அடிவாரத்தில் மகாவலி ஓடுகிறது. இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உணவும் இலைகுழையும்தான். அவை காற்றுப் படாமல் அழுகும்போது முதலில் சேதன அமிலங்கள் உண்டாகின்றன. அமிலம் கலந்த நீர் கூடக் கிடக்கும் உலோகங்களைக் கரைக்கிறது. மழை அதைக் கீழே தள்ளுகிறது. ஆகவே தேங்காய்த் துருவலோடு ஒரு பற்றரி சேர்ந்து கிடப்பதும், அதே பற்றரி இரும்புக் கடையின் கூரைக்குக் கீழே கிடப்பதும் வேதியியல்படி இரு வேறு நிகழ்ச்சிகள். கொஹாகொடவிலிருந்து கசியும் நீரைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலமுறை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆற்றோடு கீழே போனால் கட்டுகஸ்தோட்டை, அதைத் தாண்டினால் 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணை. அங்கிருந்து மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்க வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திரும்பி, வறண்ட வலயத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. கண்டிக்காரர் கழித்ததன் சாறு எந்தத் திசையில் பயணிக்கிறது என்பதைத் தேசப்படமே சொல்லிவிடும். கொஹாகொடவுக்குக்கூடப் போகாமல் இரவோடு இரவாகப் பள்ளத்தில் சரித்துவிடும் சுமைகளும் உண்டு. கண்டி வாவியிலிருந்து கெட்டம்பே வரை ஓடும் மெத எலவில் மழை நாளில் மிதந்து வரும் பஞ்சும் றெஜிபோமும் எந்த வீட்டுடையவை என்று கேட்க முடியாது. சரிவான ஊரில் அடைபட்ட ஒரு கானைச் சுகாதாரப் பிரச்சினை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நீர் வடிய வழியில்லாத மண்தான் சரிகிறது.

கழித்த சாமான்களில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது பிரிட்ஜ். பழைய இரும்பு வாங்கும் இடத்தில் அது படும் பாடு சில நொடிகளில் முடிந்துவிடும். பின்பக்கம் கீழே கறுப்புப் பூசணிக்காய் போல உட்கார்ந்திருக்கும் கம்பிரசருக்குத்தான் விலை. அதைக் கழற்ற, அதனோடு ஒட்டிய விரலை விட மெல்லிய செப்புக் குழாயைக் குறட்டால் ஒரு நறுக்கு. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், குழாய் நுனியில் கொஞ்சம் எண்ணெய்க் கசிவு, அவ்வளவுதான். நிறமோ புகையோ இல்லை, இருமலும் வராது. எனவே ஒன்றும் நடக்காதது போலவே தோன்றும். கடந்த முப்பது வருடங்களில் விற்ற பல பிரிட்ஜ்களில் இருப்பது எச்எப்சி-134ஏ என்ற வாயு. ஓசோனுக்கு அது தீங்கில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக் கணக்கில் அதே எடை காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வீட்டுப் பிரிட்ஜ் ஒன்றில் 120 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்த ஒரு நறுக்கு 170 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் வெளியாகும் என்பதால் இது 60 லீற்றருக்கு மேற்பட்ட டீசல். லீற்றருக்கு 10 கி.மீ. ஓடும் சிறிய லொறி ஒன்று கண்டியிலிருந்து கொழும்புக்கு ஐந்து தடவை போகலாம். பழைய லொறியின் கறுத்த புகையைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், அந்த லொறி இறக்கி வைத்த பெட்டியின் ஒரு பெருமூச்சைக் கணக்கில் எடுப்பதில்லை.

மிகப் பழைய, 1990களுக்கு முந்திய பெட்டியானால் நிலைமை இன்னும் மோசம். அதன் குழாயில் சிஎப்சி-12, சுவருக்குள் திணித்த பொலியூரிதேன் நுரையின் நுண்குமிழ்களில் சிஎப்சி-11. குழாயில் இருப்பதைவிடச் சுவரில் இருப்பது அதிகம். ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 டிசெம்பரிலேயே சேர்ந்துவிட்டது; அந்த வாயுக்களின் இறக்குமதி நின்று வெகுகாலமாகிறது. இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்துக்கு வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பெட்டி தெரியாது. குழாயில் உள்ளதை ஒரு வால்வு பொருத்திச் சிலிண்டருக்குள் உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் பெரிய அதிசயம் ஒன்றுமல்ல. அதைக் கையாளத் தெரிந்த பிரிட்ஜ் திருத்தும் பாஸ்மார் கண்டியில் இருக்கிறார்கள். நுரையில் உள்ளதை எடுக்க மூடிய அரைவை ஆலை வேண்டும். அது இல்லாத இடத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் பெட்டியை உடைக்காமல் வைப்பது. ஆக, லொறிக்காரரிடம் இங்கே யாரும் விஞ்ஞானம் எதிர்பார்க்கவில்லை. பிரிட்ஜின் மேல் கட்டில் சட்டத்தை எறியாமல், அதை நிமிர்த்தித் தனியே ஏற்றி, முதலில் பாஸிடம் இறக்கினால் போதும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: 'இதெல்லாம் நம் ஊரில் ஏற்கெனவே நடக்கிறதே. போத்தல், பேப்பர் வாங்குபவர் தெருத்தெருவாக வருகிறார். இரும்புக் கடைக்காரர் ஆணியைக்கூட விடுவதில்லை. மேலைநாட்டார் இப்போது கண்டுபிடித்திருப்பதை நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம்.' இதில் உண்மை நிறைய உண்டு. அந்த வலைப்பின்னல் இல்லாவிட்டால் கொஹாகொட எப்போதோ இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் சந்தை எடுப்பது விலை உள்ளதை மட்டும். விலை உள்ளதை எடுக்கும் வழியில் விலை இல்லாததை அது சிதறடிக்கிறது. செப்பு வயரைப் பிரிப்பதற்கு மலிவான வழி எரிப்பது. வயரின் உறை பிவிசி, அதில் குளோரின். செப்போ டயொக்சின் உருவாவதைத் தூண்டும் ஊக்கி. 200 முதல் 450 பாகை செல்சியஸ் வரை, திறந்த நெருப்பின் ஓரத்தில் நிலவும் அரைகுறைச் சூட்டில்தான் அந்த நச்சு நன்றாக விளையும். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டியில் குளிர்ந்த இரவுகளில் கனத்த காற்று அடியில் தங்க, சூடான படை மேலே மூடியாகிவிடும். எரித்த புகை அதற்குக் கீழேயே உலாவும். நகரின் வளி மாசைப் பேராதனை வேதியியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல்லாண்டு ஆய்ந்து எச்சரித்ததும் இந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான். குழாய் டீவியின் கதையும் இப்படியே. சுருளில் உள்ள செப்புக்காக அதன் கழுத்து உடைகிறது. புனல் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்களவு ஈய ஒட்சைட்டு. அது தூளாகிக் குப்பையில் போகிறது. மின்னணுக் கழிவு 2008 முதல் பட்டியலிட்ட கழிவு. அதைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். விதி சரியானதே. விதிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் நிற்பது லொறி ஒன்றுதான், விதி எழுதியவர்களோ அந்த லொறியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

மரத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான பயமும் ஒரு தவறான அலட்சியமும் இருக்கின்றன. மரத்தளபாடம் குப்பைமேட்டில் அழுகி மெதேனாகும் என்பது பெரும்பாலும் மிகைக்கூற்று. மரத்தின் லிக்னினை ஒட்சிசன் இல்லாத இடத்து நுண்ணுயிர்கள் ஏறக்குறைய தொடுவதில்லை. மண்ணுக்குள் புதைந்த பலகை ஆண்டுக்கணக்கில் பலகையாகவே கிடக்கும். இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. கண்டிப் பகுதியின் பழைய வீடுகளில் கதவு, கட்டில், அலுமாரி பல பலாவில் செய்தவை. கறையான் அதிகம் தொடாத, வயதாக ஆக மஞ்சள் மங்கி மரநிறம் ஏறும் மரம் அது. பலாவை இன்று நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் காக்கிறது. வெட்ட அனுமதி தேவைப்படும் மரத்தை, அறுத்து இழைத்து உலர்த்திய நிலையில், கால் ஆடுகிறது என்பதற்காகக் குப்பைக்கு அனுப்புவது விந்தையான கணக்கு. கழுந்தும் துளையுமாகப் பொருத்திய பழைய அலுமாரியைத் தட்டிக் கழற்றலாம், மீண்டும் பூட்டலாம். மரத்தூளைப் பசையில் குழைத்து அமுக்கிய சிப்போர்ட் அலுமாரியில் ஒருமுறை கழற்றிய திருகு மறுமுறை பிடிக்காது. மழைத்துளி பட்டால் ஓரம் வீங்கும். இரண்டு வீடு மாறினால் அதன் ஆயுள் முடிந்தது. வீடு காலி செய்பவர்களில் பலர் முன்னதைத் தள்ளிவிட்டுப் பின்னதைப் புது வீட்டுக்கு ஏற்றுகிறார்கள். மினுமினுப்புக்கு உள்ள மதிப்பு அப்படி.

இன்னொரு ஆட்சேபம் கணக்குத் தெரிந்தவர்களிடமிருந்து வரும். பிரித்துப் பிரித்துப் பல இடங்களுக்கு அனுப்பினால் எரியும் டீசலே மறுசுழற்சியின் பலனைத் தின்றுவிடாதா? பெரிய உருக்காலைகள் எல்லாம் கொழும்பைச் சுற்றி. இடையில் கடுகண்ணாவை ஏற்றம் வேறு. போட்டுப் பார்ப்போம். தாதிலிருந்து உருக்குச் செய்வதைவிடப் பழைய இரும்பை உருக்கினால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காபனீரொட்சைட்டு மிச்சம். 40 கிலோ இரும்புக் கட்டில் ஒன்றுக்கு 60 கிலோ. டீசலில் சொன்னால் 20 லீற்றருக்கு மேல். மூன்று தொன் ஏற்றிய லொறி கொழும்புக்குப் போக எரிக்கும் டீசலில் அந்தக் கட்டிலின் பங்கு, லொறி வெறுமையாகத் திரும்பினாலும், ஒரு லீற்றரைத் தொடாது. அலுமினியத்துக்கு இந்தச் சாதகம் இன்னும் பல மடங்கு. புதிதாக எடுப்பதற்கான சக்தியில் 5 சதவீதமே போதும். ஆகவே உலோகத்தில் ஆட்சேபம் நிற்காது. நுரை மெத்தையில் நிற்கும். மூன்று தொன் லொறியில் அகலமான நுரை மெத்தை 40க்கு மேல் ஏறாது, அத்தனையும் சேர்த்து 400 கிலோதான். காற்றை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவதில் பொருள் இல்லை. மறுசுழற்சி எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்பவரை நம்பாதீர்கள். எடைக்கும் இடத்துக்கும் உள்ள விகிதத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

பெரிய ஆலை ஒன்று கட்டிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்ற கருத்தும் உண்டு. கெரவலப்பிட்டியில் 2021 முதல் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கிறார்கள். கொழும்புக்கு அது ஒரு வழி. ஆனால் ஈரக் குப்பையின் சூட்டில் ஒரு பகுதி அதன் நீரை ஆவியாக்கவே போய்விடும். இரும்பும் கண்ணாடியும் எரியாது. பிரிட்ஜ் வாயுவோ ஆலையின் வாசலை எட்டும் முன்பே ஆகாயத்துக்குப் போயிருக்கும். ஆலை வந்தாலும் லொறி ஏற்றும் ஒழுங்கு தேவைதான்.

கடைசியில் எஞ்சுவது கூலி பற்றிய கேள்வி. மற்ற எல்லாவற்றையும்விட நியாயமானதும் அதுவே. நாளுக்கு இரண்டு வீடு காலி செய்தால்தான் லொறிக்கும் மூன்று ஆட்களுக்கும் கட்டும். திருகாணி கழற்றிக்கொண்டிருக்க நேரம் யார் தருவார்? குற்றம் தொழிலாளியின் அலட்சியம் அல்ல, 'ஒரு லோட்' என்ற விலை முறைதான். அந்த முறையில் வேகமாக ஏற்றி எங்காவது கொட்டுபவருக்கே லாபம். ஒழுங்காகச் செய்பவர் நட்டப்படுகிறார். அதேவேளை, கழற்றாத மேசையும் மூன்று கட்டிலும் லொறியின் கொள்ளளவை விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்களைக் கழற்றிப் பலகைகளைப் படுக்க வைத்தால், இரண்டாவது முறை மலை ஏற வேண்டிய தேவையே சில வேளை ஒழியும். அந்தச் சரிவில் மிச்சமாகும் ஒரு பயணம் திருகாணிக்குக் கொடுத்த நேரத்தைத் திருப்பித் தரும். வீட்டுக்காரர் கூலியில் ஒரு பகுதியை ஏற்றும்போது கொடுத்து, மீதியை இரும்புக் கடையின் எடைச் சீட்டும் பிரிட்ஜ் பாஸின் துண்டும் வந்தபின் கொடுத்தால், அதே லொறிக்காரர் அதே கைகளால் வேறு விதமாக ஏற்றுவார்: தரையில் இரும்பு, ஒரு பக்கம் நிமிர்ந்த பிரிட்ஜ், மறுபக்கம் கழற்றிய பலகை, வாசலோரம் பற்றரியும் டியூப் லைட்டும் ஒரு பெட்டியில். பேராதனையைச் சுற்றி ஒவ்வொரு ஆண்டும் காலியாகும் மாணவர் அறைகளையும், தளபாடத்தை மொத்தமாக மாற்றும் ஹோட்டல்களையும் வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு சீட்டுக்களைக் கேட்கும் வாடிக்கையாளர் சில நூறு பேர் இருந்தாலே தொழிலின் வழக்கம் மாறத் தொடங்கும். கொல்லையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது இதற்கு மாற்று ஆகாது. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. மழைநீர் தேங்கிய கழித்த பாத்திரமும் பிரிட்ஜின் தட்டும் டெங்கு நுளம்பு பெருகப் போதும்.

இனி மெத்தை. இலவம் பஞ்சு மெத்தை புழங்கிய காலத்தில் இது ஒரு கேள்வியே இல்லை. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் போட்டு அடித்து, திரும்பத் திணித்துத் தைத்துக்கொண்டார்கள். தும்பை இரப்பர் பாலில் பிணைத்துச் செய்த மெத்தை கிழிந்தாலும் துண்டு துண்டாகச் செடிகளுக்குக் கீழே போடலாம். சுருள்வில் மெத்தையின் துணியைக் கத்தியால் கீறினால் உள்ளே இருப்பது இரும்பு. கால் மணி நேர வேலை. நுரை மெத்தைக்கு மட்டும் கண்டியில் இன்று நல்ல பதில் கிடையாது. சுத்தமாக இருந்தால் கதிரைக்கு மெத்தை வைக்கும் கடைக்காரர் வெட்டி எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அது கொஹாகொடவுக்குத்தான் போகும். அதன் கன அளவில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால், லொறியின் உச்சியில் கிடந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு பின்னேர மழையைச் சந்தித்தால், 10 கிலோவாக ஏறியது இரண்டு ஆள் தூக்க முடியாத சுமையாக இறங்கும். கதிரைக்கு மெத்தை வைக்கும் அந்தக் கடைக்காரர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக் கயிறு கட்டாமல், மழைத் தாளில் சுற்றி ஓரமாக நிறுத்தி ஏற்றினால் கடை வாசல்வரையாவது காய்ந்தபடி போய்ச் சேரும்.